ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்து அழுதேன், அதை என் பரதத்துக்குள் கொண்டுவரலாமா?

ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடம் பரதம் கற்றவர், கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடமாகச் சலங்கையைத் தொடவில்லை. போன வாரம் ஒரு ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு, ஜப்பானின் மாவோ அசாடா 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ராக்மனினாஃபின் பியானோ இசைக்கு ஆடியதை மொபைலில் பார்த்தீர்கள். முடிவதற்குள் அழுதுவிட்டீர்கள். அந்த இசையும் தெரியாது, ஐஸ் மேல் ஆடுவதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது, பிறகு ஏன் அழுகை வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அதே இசையை வைத்துப் பரதம் ஆடினால் காப்பி ஆகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியை நான் மூன்று தடவை படித்தேன்: “இத்தனை வருஷம் கழிச்சு ஆரம்பிச்சா பார்க்கிறவங்க சிரிப்பாங்களா?” நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. மூன்றுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். சேலம் அம்மாப்பேட்டையில் 27 வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன், நட்டுவாங்கமும் (தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துவது) செய்கிறேன். ஐஸ் மேல் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. மேற்கத்திய இசை கேட்டுக் கேட்டுப் பழகியதுதான், யாரிடமும் உட்கார்ந்து படிக்கவில்லை. ஸ்கேட்டிங்கை மட்டும் கல்லூரிக் காலத்தில் ஒருமுறை டிவியில் பார்த்ததிலிருந்து விடாமல் பார்த்துவருகிறேன். ஆகவே தாளம், அடவு (பரதத்தின் அடிப்படை அசைவு), முட்டி, முதுகு பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஐஸைப் பற்றிச் சொல்வது பல வருடம் பார்த்த ஒரு ரசிகை சொல்வது. மனசைப் பற்றிச் சொல்லும்போது அது என் அனுமானம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்த்தது 2014 பிப்ரவரி 20 அன்று அசாடா ஆடிய ஃப்ரீ ஸ்கேட், அதாவது நான்கு நிமிட நீள ஆட்டம். முந்தைய நாள் ஷார்ட் புரோகிராம், அதாவது முதல் சுற்றான குறுகிய ஆட்டம் நடந்தது. 2010 வான்கூவரில் வெள்ளி வாங்கியவர், சோச்சியில் எப்படியும் பதக்கம் என்று ஒரு தேசமே காத்திருந்தது. ஷார்ட் புரோகிராமில் முதல் தாவலிலேயே விழுந்தார். அவருக்கே பேர் வாங்கிக்கொடுத்த ட்ரிபிள் ஆக்ஸல் அது. ஸ்கேட்டிங்கில் உள்ள ஆறு வகைத் தாவல்களில் ஐந்து, பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது கிளம்புபவை. ஆக்ஸலுக்கு மட்டும் முன்னால் பார்த்தபடி கிளம்ப வேண்டும். இறங்குவது பின்னோக்கி என்பதால் அரைச்சுற்று கூடும், அதாவது காற்றில் மூன்றரைச் சுற்று. அதில் விழுந்து, மற்றவையும் குலைந்து, 55.51 மதிப்பெண்ணோடு 16-வது இடத்துக்குப் போனார். பதக்கம் அங்கேயே போய்விட்டது. மறுநாள் நீங்கள் பார்த்த அந்த நான்கு நிமிடத்தில் அதே ட்ரிபிள் ஆக்ஸலை முதலில் போட்டு நின்றார். தொடர்ந்து ஆறு வகைத் தாவல்களையும் மும்முறைச் சுழற்சியில் ஆடினார், மொத்தம் எட்டு. 142.71 மதிப்பெண். மொத்தத்தில் ஆறாம் இடம்தான், பதக்கம் இல்லை. ஆனால் அந்த ஒலிம்பிக்கின் பெண்கள் பிரிவில் இன்றுவரை ஜனங்கள் தேடித்தேடிப் பார்க்கிற ஆட்டங்களில் அது ஒன்று. முடிந்த நொடியில் அவர் முகம் மேலே நிமிர்ந்து, அழுகையை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள்.

இசைக்கும் ஒரு பின்கதை உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் ராக்மனினாஃபின் முதல் சிம்பொனி 1897-ல் அரங்கேறியபோது படுதோல்வி. அதில் நொறுங்கிப்போய், மூன்று வருடம் போல உருப்படியாக எதையும் எழுதவில்லை. நிகோலாய் டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்துவந்து 1900, 1901-ல் எழுதியதுதான் இந்த இரண்டாவது பியானோ கான்செர்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு). அதை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். தொடக்கத்தில் பியானோ மட்டும் தனியாக, தூரத்துக் கோயில் மணி கிட்ட வருவது போல எட்டு அடி அடித்துச் சத்தம் கூடிக்கொண்டே போகும், அதற்கப்புறம்தான் வயலின்களெல்லாம் சேர்ந்து பாட ஆரம்பிக்கும். ஹெட்ஃபோன் போட்டு அந்த எட்டு அடியை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

இப்போது அழுகை. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். ஆடிப் பழகிய உடம்பு இன்னொருவர் ஆடுவதைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. 2005-ல் லண்டனில் பாலே கலைஞர்களையும் பிரேசிலின் கபோயிரா கலைஞர்களையும் வைத்து ஒரு மூளை ஆய்வு வெளியானது. தாங்கள் பயின்ற அசைவுகளை வீடியோவில் பார்க்கும்போது, அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. இதைச் சொல்லி “அதனால்தான் அழுதீர்கள்” என்று முடித்துவிட முடியாது. அந்த ஆய்வு சொன்னது அவரவர் பயின்ற கலையைப் பற்றி. பரதம் பயின்றவர் ஐஸ் நடனம் பார்த்தால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. அங்கிருந்து என் அனுமானம் தொடங்குகிறது.

கார்வை என்ற சொல் உங்களுக்கு மறந்திருக்காது. பாட்டில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்பதும் கார்வை, தீர்மானத்தில், அதாவது ஒரு பகுதியை முடிக்கும் அடவுக் கோவையில், ததிங்கிணதோம் மூன்று தடவை வரும்போது நடுநடுவே விடுகிற இடமும் கார்வை. எங்கள் வாத்தியார் ஒன்றைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்: “கார்வையில செத்துப்போகாதே.” கால் நின்றாலும் ஆட்டம் உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பார். வருடக்கணக்கில் உழைத்தாலும் பத்தில் ஒருவருக்குத்தான் அது கைகூடும். ஐஸில் என்ன நடக்கிறது பாருங்கள். தாவி, காற்றில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சுழன்று, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்குகிறார். இறங்கியதும் இரண்டு கையும் விரிகின்றன, மற்றொரு கால் பின்னால் நீளுகிறது, அதோடு உடம்பில் எந்த அசைவும் இல்லை. சிலை மாதிரி நிற்கிறார். ஆனால் ஆள் போய்க்கொண்டே இருக்கிறார், ஒரு பெரிய வளைவில், வேகம் குறையாமல். நின்றபடியே நகர்வது என்பது நமக்குக் கிடைக்காத வரம். நாம் உள்ளுக்குள் எதை ஓடவைக்கப் படாத பாடு படுகிறோமோ, அது அங்கே கண்ணுக்கு நேராக ஓடுகிறது. பதினோரு வருடம் கார்வைக்காகத் திட்டு வாங்கிய உடம்பு அதைப் பார்த்து அழுதால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அந்த நகர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இன்னொரு தடவை பார்க்கும்போது வேறு மாதிரித் தெரியும். ஸ்கேட்டின் அடியில் இருக்கும் பிளேடு கத்தி முனை மாதிரி கூராக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் சுமார் நான்கு மில்லிமீட்டர் தடிமன், அடிப்பக்கம் நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் கூராக இருக்கும். உள் ஓரம், வெளி ஓரம். ஒரு ஓரத்தில் சாய்ந்து நின்றால் பிளேடு தானாக வளைந்து போகும். சேலத்திலிருந்து நீங்கள் மேலே போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, அதில் பைக் ஓட்டுபவரைப் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்புவதைவிட உடம்பைச் சாய்ப்பதில்தான் வண்டி திரும்புகிறது. சாய்வு கூடினால் வளைவு இறுகும், பயந்து நிமிர்ந்தால் வண்டி ரோட்டைவிட்டு வெளியே போகும். நல்ல ஸ்கேட்டரையும் சுமாரான ஸ்கேட்டரையும் நான் பிரித்துப் பார்ப்பது அந்தச் சாய்வில்தான், தாவலை எண்ணுவதில் இல்லை. அசாடாவின் ஆட்டத்தில் கடைசிப் பகுதியில், தாவல்கள் எல்லாம் முடிந்தபின், இசை பொங்கிவரும்போது ஒரு காலடி வரிசை வரும். சத்தத்தை அணைத்துவிட்டு அதை மட்டும் பாருங்கள். கால் மாறுகிற ஒவ்வொரு தடவையும் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்தால், எப்போது எந்த வாத்தியம் உச்சத்துக்குப் போயிருக்கும் என்று உங்களால் சொல்லிவிட முடியும்.

காப்பி பற்றிக் கேட்டதற்கு வருமுன், தாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராக்மனினாஃபுக்கு நேராகப் பரதம் ஆடப்போனால் முதலில் முட்டிக்கொள்வது அதில்தான். அந்த இசையில் கணக்கு உண்டு. ஆனால் வாசிப்பவர் அதை இழுத்தும் விட்டும் வாசிப்பார். ஒரு இடத்தில் தாமதம், அடுத்த வரியில் ஓட்டம். தட்டுக்கழி (தாளம் தட்டும் குச்சி) எடுத்து அதற்குத் தாளம் போட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை. அதன் மேல் அடவு வைத்தால் ஒன்று அடவு குலையும், இல்லாவிட்டால் இசையை எந்திரம் மாதிரி ஆக்கிவிடுவோம். நம்மிடம் அதற்கு ஒப்பானது விருத்தம்தான். பாடகர் தாளமில்லாமல் ராகத்தில் பாடலைப் பாட, ஆடுபவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு அபிநயம் பிடிக்கிறாரே, அந்தக் கட்டமைப்பு. பாட்டுக்காரர் எங்கே மூச்சு வாங்குவார் என்று முதுகுக்குத் தெரிய வேண்டும். ஸ்கேட்டர்கள் அதே பதிவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பயிற்சி எடுக்கிறார்கள். எந்த நொடியில் பியானோக்காரர் தாமதிக்கிறார் என்பது உடம்பில் ஏறிவிடும். நமக்கு அந்த வசதிகூட இல்லை, ஒவ்வொரு மேடையிலும் விருத்தம் புதிதாகப் பிறக்கும்.

இதற்கு நேர் எதிரான இசை ஒன்று இருக்கிறது, எங்கள் வகுப்புக்கு அது சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. 1984 பிப்ரவரி 14 அன்று சரயேவோ ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் ஜெய்ன் டோர்வில், கிறிஸ்டோபர் டீன் இருவரும் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் பொலேரோ என்ற இசைக்கு ஆடினார்கள். கலைத்தன்மைக்கு ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண்ணான 6.0 கொடுத்தார்கள். அவர்கள் வைத்திருந்த இசை நான்கு நிமிடம் 28 நொடி, அனுமதியோ நான்கு நிமிடம் பத்து நொடி வரைதான். விதியைப் படித்துப் பார்த்தார்கள். பிளேடு ஐஸைத் தொட்டு ஓட ஆரம்பிக்கும்போதுதான் கடிகாரம் தொடங்கும் என்று இருந்தது. ஆகவே முதல் 18 நொடி இருவரும் ஐஸ் மேல் மண்டி போட்டபடியே, இடுப்புக்கு மேலே மட்டும் ஆடினார்கள். இன்று அந்த மண்டியை ஆட்டத்தின் உயிர் என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். பிறந்தது ஒரு கணக்குச் சிக்கலில்.

பொலேரோவை ராவேல் 1928-ல் ஐடா ரூபின்ஸ்டைன் என்ற நடனக் கலைஞருக்காக எழுதினார். அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு சிறிய முரசு ஒரே தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதை நம் சொற்கட்டில், அதாவது தாளத்தை வாயால் சொல்லும் சொற்களில், சொன்னால் இப்படி வரும்: தா தகிட தா தகிட தா தா, தா தகிட தா தகிட தகிட தகிட. போன வருடம் ஒரு சனிக்கிழமை, மழைக்கு இருட்டிப்போய் கரண்ட் இல்லாத சாயங்காலம், மொபைலில் இதைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சும்மா கேட்கச் சொன்னேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தலையை ஆட்டிக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து, “மிஸ், இது எங்க தாத்தா தறி மாதிரியே இருக்குதுங்க” என்றாள். அவள் தாத்தா இன்னும் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். தரையில் உட்கார்ந்து வலது காலால் மிதியை மிதித்து, ஒரு கையால் நாடாவை இழுத்து, இன்னொரு கையால் பலகையை அடிப்பது போலச் செய்து காட்டினாள். மிதி, நாடா, அடி. அது கச்சிதமாக அந்த முரசுத் தாளத்தின் மூன்று எண்ணிக்கைக்குள் விழுந்தது. அம்மாப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. ராவேல் தானே இந்த இசையை ஒரு தொழிற்சாலையின் பின்னணியில் ஆட வேண்டும் என்று விரும்பியவர் என்பதைப் பிறகு அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை, தறி என்றால் தறிதானே.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. இசை வளர வளர, எல்லாப் பிள்ளைகளும் வேகமாகக் கை தட்ட ஆரம்பித்தார்கள். பொலேரோவில் வேகம் கூடுவதில்லை. வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன, சத்தம் கூடுகிறது, அவ்வளவுதான். நமக்கு வளர்ச்சி என்றாலே காலம் மாற்றுவதுதான்: முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம், வேகம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அதே காலத்தில் நின்றுகொண்டு ஆட்டத்தை எப்படி வளர்ப்பது? அடி எடுத்து வைக்கும் தூரத்தைக் கூட்டலாமா, கண்ணை மட்டும் திறக்கலாமா, கை எட்டும் உயரத்தையா? மூன்று வாரம், காலைத் தட்டி ஆடும் முதல் அடவான தட்டடவை முதல் காலத்திலேயே வைத்துக்கொண்டு இதைத்தான் செய்து பார்த்தோம். ஐஸிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யாராவது கேட்டால் இந்த மூன்று வாரத்தைத்தான் காட்டுவேன். ஒரு அடவுகூட மாறவில்லை, கழுத்திலோ கையிலோ பாலே வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

காப்பியா என்று கேட்டதற்கு என் பதில் இதில் பாதி வந்துவிட்டது. மீதியைச் சொல்ல ஐஸிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2009-10 பருவத்தில் ஐஸ் நடனத்தில் ஒரு சுற்றுக்கு நாட்டுப்புற நடனம் என்று தலைப்புக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடி இந்தியத் திரையிசையை எடுத்துக்கொண்டு, அங்கேயே ஒரு இந்திய நடன ஆசிரியரிடம் போய்க் கையும் கழுத்தும் கற்றுக்கொண்டு வந்து ஆடினார்கள். நம்மவர்களே அதைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தார்கள், வான்கூவரில் அவர்களுக்கு வெள்ளி. அதே பருவத்தில், அதே தலைப்பில், ரஷ்ய ஜோடி ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடி நடனம் என்று உடம்பெல்லாம் கோலமிட்ட உடை போட்டு ஆடியது. அந்த மக்களின் தலைவர்களே இது எங்கள் நடனம் இல்லை, எங்களைப் புண்படுத்துகிறது என்றார்கள். இரண்டு பேரும் இன்னொருவர் வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள். ஒருவர் கேட்டுக் கற்றுக்கொண்டு எடுத்தார், இன்னொருவர் தோற்றத்தை மட்டும் எடுத்தார். நம் பக்கத்திலும் இந்தப் போக்குவரத்து புதிதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்த நோட்டுஸ்வரங்களை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வயலினே அப்படி வந்து சேர்ந்ததுதானே. ஆகவே ராக்மனினாஃபுக்கு நீங்கள் ஆடலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அதில் உங்களை அசைத்த விஷயத்தை எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த ஒரு விருத்தத்திலோ, அபிநயத்துக்கான பாட்டான பதத்திலோ வைத்துப் பாருங்கள்.

சிரிப்பார்களா என்ற கடைசிக் கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு ஞாபகம்தான். எனக்கு 22 வயது, ஒரு கோயில் விழா மேடை. கச்சேரியின் நீளமான உருப்படியான வர்ணத்தில் முதல் திரிகால ஜதி, அதாவது மூன்று காலத்திலும் வரும் சொற்கட்டு. குத்துவிளக்கிலிருந்து எண்ணெய் வழிந்து மேடையில் ஒரு உள்ளங்கை அளவு பரவியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் காலத்துக்கு மாறும் இடத்தில் வலது கால் அதில் பட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் அப்படியே பக்கவாட்டில் விழுந்தேன், சலங்கை மணிகள் சிதறி உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முன்வரிசையில் சிரித்தார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாத்தியார் சொற்கட்டை நிறுத்திவிட்டார், தாளத்தை நிறுத்தவில்லை. எட்டு எண்ணிக்கை, ஒரு முழு ஆவர்த்தனம், தட்டுக்கழியில் வெறும் தாளம் மட்டும் போட்டார். மிருதங்கக்காரர் விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுந்து, தாளம் தொடங்கும் சமத்தில் கால் வைத்ததும் அவர் குரல் வந்து சேர்ந்துகொண்டது. அதைப் பற்றி அப்புறம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் காலை அதே ஜதியைப் பதினைந்து தடவை ஆடவைத்தார். உங்கள் ஒன்பது வருடத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த எட்டு எண்ணிக்கைதான் ஞாபகம் வந்தது. தாளம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்த ராத்திரி அழுதிருக்க மாட்டீர்கள். இதுவும் என் அனுமானம்தான், ஆனால் 27 வருடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த பலரைப் பார்த்த அனுமானம். ஒரு தாயார் தன் பெண்ணைச் சேர்க்க வந்து, வகுப்பு ஓரத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்து, ஆறாவது மாதம் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று ஆடினார்.

உடம்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மனசு ஒன்பது வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்க்கும், முட்டி அங்கே இருக்காது. முதல் மாதம் நமஸ்காரம், தட்டடவு முதல் காலம், இருபது நிமிடம், அதோடு சரி. அரைமண்டி (முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) எவ்வளவு வலியில்லாமல் வருகிறதோ அவ்வளவு போதும், முட்டி பாதவிரல் திசையிலேயே போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், உள்ளே மடிந்தால் நிறுத்துங்கள். குதிக்கிற அடவு, முழுமண்டி, மண்டி அடவு மூன்றையும் மூன்று மாதம் தொடாதீர்கள். ஏற்காட்டுக் காலைக் குளிரில் எழுந்ததும் ஆட வேண்டாம், பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து உடம்பு சூடேறிய பிறகு ஆடுங்கள். டைல்ஸ் தரை என்றால் ஓங்கித் தட்டக் கூடாது, குதிகால் போய்விடும். பிரசவத்துக்குப் பிறகு முதுகிலோ இடுப்பிலோ வலி இருந்தால் ஆரம்பிக்கும் முன்பே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது மாதம் சறுக்கல் அடவை எடுங்கள். பெயரிலேயே ஐஸ் இருக்கிறது. ஒரு காலைத் தூக்கி வைக்க, மற்ற கால் தரையை உரசிக்கொண்டு வந்து அதோடு சேரும். படிக்கிற காலத்தில் நாமெல்லாம் இதை இளைப்பாறும் அடவாக நினைத்து வேகமாகத் தள்ளிவிட்டுப் போவோம். நீங்கள் அதை மிக மெதுவாகச் செய்யுங்கள். உரசி வரும் கால் வந்து சேர நான்கு எண்ணிக்கை எடுக்கட்டும். அந்த நான்கு எண்ணிக்கையிலும் மேல் உடம்பு அசையக் கூடாது, பார்வை கையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கட்டும். கால் சேர்ந்த பிறகு இன்னொரு நான்கு எண்ணிக்கை நில்லுங்கள். அந்த இரண்டாவது நான்கில் உள்ளே எதுவும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறதா என்பதுதான் பயிற்சி. எனக்கு இன்னும் எல்லா நாளும் வருவதில்லை. வருகிற நாளில் பக்கத்து அறையில் இருப்பவர்கூட எட்டிப் பார்ப்பார்.

முதல் வாரம் முடிந்ததும் முட்டி எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சலங்கையை இப்போதே கட்ட வேண்டாம், ஆனால் வெளியே எடுத்துவிடுங்கள். மலை ஈரத்தில் ஒன்பது வருடம் பெட்டிக்குள் இருந்த தோல் பூஞ்சை பிடித்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காற்றாட வைத்து, எண்ணெயைத் தொட்டுத் தடவுங்கள். மணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், நூல் இற்றுப்போனது எப்படியும் நாலைந்து இருக்கும், மெழுகு போட்ட நூலால் தைத்துவிடுங்கள்.